சர்வர் வீட்டுக்கு ஆகாது

ஜூன் 5

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதிமூணு தடவை போன் பண்ணினேன். பதிமூணு தடவையும் அடித்து அடித்து நின்றுபோனது. முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் நான். ஆள் இல்லாமல் எடுக்காத போனுக்கும், ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எடுக்காத போனுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி பிறந்தநாளுக்கு ஆசையாக வந்தீர்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, "வயிறு சரியில்லை" என்று கிளம்பிவிட்டீர்கள். உங்களுக்கு எடுத்து வைத்த தட்டு அப்படியே இருந்தது. உங்கள் மகளைக் கேட்டால், "அம்மா என்கிட்டயும் அதையேதான் சொல்றாங்க அத்தை" என்கிறாள். வாலு (இருபது வயசாகியும் அந்தப் பேர் அவளை விடவில்லை) முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கையில் செய்தித்தாள் சுற்றி ஏதோ பெரிதாகக் கொண்டுவந்தீர்களாம், அதையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களாம். "அம்மாச்சி எனக்கு என்னமோ கொண்டு வந்தாங்க, குடுக்காமலே போயிட்டாங்க" என்று புலம்பல்.

நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அன்றைக்கு உங்களிடம் நான் பேசியதே ரெண்டு வார்த்தை, "வாங்க", "உட்காருங்க". இதில் எது குத்தியது?

பதில் போடுங்கள். வயிறு எப்படி இருக்கிறது என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 9

மாப்பிள்ளையோட தாயாருக்கு,

கடுதாசி கிடைச்சது. வந்த கடுதாசிக்குப் பதில் போடாம இருந்தா எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. அவர் போய் ரெண்டு வருஷம் ஆனாலும் அவருக்குப் பிடிக்காததைச் செய்ய எனக்கு மனசு வரலை. அதுக்காகத்தான் எழுதறேன், உறவு கொண்டாட இல்லை.

வயிறு நல்லா இருக்கு. வயித்தெரிச்சல்தான் தீரலை.

நீங்க என்கிட்ட ரெண்டு வார்த்தைதான் பேசினீங்க, சரி. உங்க பையன்கிட்ட என்ன பேசினீங்க? நான் டீ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஒரு எழுத்து விடாம நெஞ்சுல பதிஞ்சிருக்கு. "சர்வர் எல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாதுடா. பார்க்கத்தான் பெருசு. ஒரு வேலையைச் சட்டுன்னு முடிக்கத் தெரியாது. எந்நேரமும் இரைச்சல். அதுவும் ஒரு இடத்துல வேண்டாம்னு கழிச்சுக் கட்டினது. அதைக் கொண்டுவந்து நம்ம நடுவீட்டுல வைக்கணுமா?"

நான் செய்தித்தாள்ல சுத்திக் கொண்டுவந்தது அவரோட போட்டோ. பேத்தி ஆசைப்பட்டாளேன்னு பெருசாப் போட்டு, கண்ணாடி மாட்டி, உங்க ஹால்ல வைக்கத்தான் கொண்டுவந்தேன். நடுவீட்டுல வைக்கணுமான்னு கேட்டீங்களே, வைக்க வேண்டாம். எங்க வீட்லயே இருக்கட்டும்.

ஆமா, எங்க வீட்டுக்காரர் சர்வர்தான். பொண்ணு பார்க்க வந்தப்ப "ஹோட்டல்ல சூப்பர்வைசர்"னு என் அண்ணன் சொன்னான், நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சா என்ன? முப்பத்தொரு வருஷம் ஒரே ஹோட்டல்ல பரிமாறினவர். இடது கையில ஆறு தட்டு அடுக்குவார். ஒருத்தர்கூட அவரைக் கூப்பிட்டுக் காத்துக் கிடந்தது கிடையாது. ஹோட்டலை வேற ஆள் வாங்கினதும் வயசாயிடுச்சுன்னு கழிச்சுக் கட்டினாங்க, அது நிஜம். குரல் பெருசு, அதுவும் நிஜம். ஆனா அந்தக் கையால சோறு வாங்கித் தின்னுதான் உங்க மருமக வளர்ந்தா.

நான் அஞ்சாங் கிளாஸ். உங்க அளவுக்குப் பேசத் தெரியாது. இத்தோட முடிச்சுக்கறேன்.


ஜூன் 12

ஐயோ சம்பந்தியம்மா, ஐயையோ!

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன், சிரித்ததற்காகத் திரும்ப அழுதேன். உங்கள் மகள் ஓடி வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது மனுஷ சர்வர் இல்லை அம்மா! கம்ப்யூட்டர் சர்வர்!

வாலு கம்ப்யூட்டரில் படம் வரைந்து சினிமா செய்கிறாளே, அதற்கு ஒரு நல்ல பெட்டி வேண்டும். என் பையன் ஆபீஸில் புதுசு வாங்கிவிட்டுப் பழைய சர்வர் ஒன்றைக் கழித்தார்கள். "சும்மா தராங்கம்மா, எடுத்துட்டு வரவா?" என்றான். அதற்குத்தான் நான் அந்தப் பிரசங்கம் பண்ணினேன். நடுவீட்டில் வைக்க மாட்டேன் என்றது அந்தத் தகரப் பெட்டியை!

கடைக்காரரிடம் விசாரித்துத்தான் பேசினேன். கம்ப்யூட்டருக்குள் மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கிறதாம், பிராசஸர் என்று பேர். அதில் ரெண்டு ரகம். மேஜைமேல் வைக்கிற பெட்டிக்கு டெஸ்க்டாப் பிராசஸர். அதில் ஏழெட்டுக் கைகள்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கையும் மின்னல். பொத்தானைத் தொட்டால் படம் நகர்கிறது. சர்வர் பிராசஸர் என்பது பேங்க், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் பின் அறையில் இருந்துகொண்டு ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு வேலை செய்வது. அதில் கைகள் அறுபது, எழுபது. ஆனால் ஒவ்வொரு கையும் நிதானம். கரண்டும் தின்னும், விசிறிச் சத்தம் வேறு காதைப் பிளக்கும். ஒருத்தி உட்கார்ந்து வரைவதற்கு அது எதற்கு? இதுதான் நான் சொன்னது, இவ்வளவுதான் நான் சொன்னது.

பெரியவர் சர்வர் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நீங்களாகவே போட்டு உடைத்துவிட்டீர்கள்! இனி நான் என்ன செய்ய? பதிலுக்கு என் குட்டையும் உடைக்கிறேன். பத்தாவது பாஸ் என்று உங்கள் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேனே, கணக்கில் மூணு தடவை பெயிலாகிக் கோட்டு வாங்கியவள் நான். என் பையனுக்கே தெரியாது. இப்போது சரிக்குச் சரி ஆயிற்றா?

போட்டோவைக் கொண்டு வாருங்கள். நானே ஆணி அடிக்கிறேன்.

தலை குனிந்து,
உங்கள் சம்பந்தி


ஜூன் 17

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க கடுதாசியை அப்படியே நம்பிடுவேன்னு நினைச்சீங்களா? எங்க தெரு முனை ஜெராக்ஸ் கடைப் பொண்ணுகிட்டப் போய், "ஏம்மா, சர்வர்னா என்ன?"ன்னு கேட்டேன். அவ நிமிர்ந்துகூடப் பார்க்காம, "சர்வர் டவுன் பாட்டி, நாளைக்கு வாங்க"ன்னா. சரி, அப்படி ஒண்ணு இருக்குன்னு அப்பத்தான் நம்பினேன்.

முதல்ல கோபப்பட்டது என் தப்பு. வாய் விட்டுக் கேட்காம, நல்ல நாளும் அதுவுமாச் சாப்பிடாம எழுந்து வந்தது பெரிய தப்பு. மன்னிச்சுக்கோங்க.

ஆனா இப்பப் படற கோபம் தப்பில்லை. அந்த ஜெராக்ஸ் பொண்ணை உட்கார வெச்சு முழுசா விசாரிச்சேன். நீங்க சொன்னதுல பாதிதான் சரி. சர்வருக்கு வேகம் பத்தாதுன்னு எப்படிச் சொல்லலாம்?

எங்க வீட்டுக்காரர் ஹோட்டல்ல வாசல்ல ஒரு டீ மாஸ்டர் இருந்தார். கை தூக்கினா டீ. அவ்வளவு வேகம்! ஒரு ஆள் வந்தா அவரை அடிச்சுக்க முடியாது. உங்க டெஸ்க்டாப்பு அந்த டீ மாஸ்டர். ஆனா நாப்பது பேர் ஒண்ணா நுழைஞ்சா டீ மாஸ்டர் என்ன பண்ணுவார்? அங்கதான் சர்வர் வேணும். அவர் ஓட மாட்டார். நடப்பார். ஆனா நாப்பது பேரும் ஒரே நேரத்துல சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. இன்னொண்ணு, ஆர்டரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கிட்டுத்தான் உள்ளே போவார். சர்வர் பெட்டியும் அப்படித்தானாம், தன் ஞாபகத்துல தப்பு விழுந்திருக்கான்னு தானே சரிபார்த்துக்குமாம். ஜெராக்ஸ் பொண்ணு சொன்னா. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

டீக்கடைக்கு டீ மாஸ்டர், ஹோட்டலுக்கு சர்வர். எந்த வேலைன்னு பார்க்காம ஆளை மட்டம் தட்டக் கூடாது. பேத்தி வேலை டீக்கடையா, ஹோட்டலா? அதை முதல்ல கேட்டுச் சொல்லுங்க.

கணக்குல கோட்டு வாங்கினதைப் பத்தி நான் மூச்சு விட மாட்டேன். எனக்குக் கணக்கு நல்லா வரும்.

சம்பந்தி


ஜூன் 23

அன்புள்ள சம்பந்தியம்மா,

நீங்கள் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. அதற்குப் பதில் நேற்றுதான் கிடைத்தது, கிடைத்த விதம் நன்றாக இல்லை.

போன வாரமே புது டெஸ்க்டாப் வந்துவிட்டது. வரைகிற வரைக்கும் வாலுவுக்குக் கொண்டாட்டம். கதை, ஒரு குடை மழையில் தன்னைத் தொலைத்தவரைத் தேடி ஊரெல்லாம் நடக்கிறது. நான் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். பழைய பெட்டியில் மாசக்கணக்காக வரைந்துகொண்டிருந்தது ஒருவழியாக முடிந்தது.

ஆனால் வரைந்ததும் சினிமா ஆகிவிடாதாம். ஒவ்வொரு மழைத்துளியிலும் வெளிச்சம் எப்படி விழும், குடையில் எப்படி வழியும் என்று பெட்டி கணக்குப் போட்டு, ஒவ்வொரு படமாகச் சுட்டு எடுக்க வேண்டுமாம். நொடிக்கு இருபத்து நாலு படம். ஏழு நிமிஷத்துக்குப் பத்தாயிரத்து எண்பது. (மூணு தடவை பெருக்கிப் பார்த்தேன், ஒரே விடை வந்தது. கடவுள் இருக்கிறார்.) நம்ம டெஸ்க்டாப் ஒரு படத்துக்கு மூணு நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் இருபத்தொரு நாள்.

அவள் சேர நினைக்கிற சினிமாப் பள்ளிக்கு ஜூலை 2 மத்தியானத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இந்த வருஷம் இடம் இல்லை. கடைசிக் காட்சியில் இன்னும் ரெண்டு நாள் திருத்தம் வேறு பாக்கி. பிள்ளை அழவில்லை. அழுதால் பரவாயில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறாள். "மழையை எடுத்துடறேன் பாட்டி, வெறும் குடை நடக்கட்டும்" என்கிறாள். மழை இல்லாமல் குடைக்கு என்ன கதை?

நாப்பது பேர் ஒன்றாக நுழைந்துவிட்டார்கள் சம்பந்தியம்மா. வாசலில் டீ மாஸ்டர் மட்டும் நிற்கிறார். சர்வர் வேண்டாம் என்று சொன்ன வாய் இதுதான். எந்த முகத்தோடு என் பையனிடம் போய்க் கேட்பேன்? கேட்டாலும் எங்கே வைப்பேன்? இது அடுக்குமாடி, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. ஒன்றும் புரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சம்பந்தி


ஜூன் 29

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க கடுதாசி வந்த அன்னைக்கே நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டதும், அவர் மறுநாள் விடியக் காலையில வேன்ல பெட்டியோட வந்து இறங்கினதும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஏன் போன் போடலைன்னா, போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் சண்டை போட்டிருப்போம். நேரம் இல்லை.

பின் அறையைக் காலி பண்ணி, ஜன்னலைத் திறந்து வெச்சு, அவர் போட்டோ இருந்த மேஜைமேலயே பெட்டியை வெச்சேன். போட்டோ சுவத்துல இருக்கு. புதன்கிழமை காலையில பத்து மணிக்குப் பேத்தி அங்கேயிருந்தே வேலை கொடுத்தா. அது எப்படின்னு எனக்குப் புரியலை, புரிய வேண்டாம். ஆர்டர் வந்தது, அவ்வளவுதான்.

இரைச்சல்னு சொன்னீங்களே, ரொம்பக் குறைச்சலாச் சொல்லிட்டீங்க. பக்கத்து வீட்டம்மா கையில தூக்குப் பாத்திரத்தோட வந்து, "மாவு மில் வெச்சிருக்கீங்களாமே, ரெண்டு கிலோ அரைச்சுத் தர்றீங்களா?"ன்னு கேட்டா. "இது மழை அரைக்கிற மில்லு, நாளைக்கு வா"ன்னு அனுப்பிட்டேன்.

கணக்கு சொல்றேன், கேட்டுக்கோங்க. நம்ம சர்வர் ஒரு படத்துக்கு எட்டு நிமிஷம் எடுக்குது. உங்க டெஸ்க்டாப்பு மூணு நிமிஷம். பார்த்தா இது மந்தம். ஆனா இது எட்டுப் படத்தை ஒண்ணாக் கையில அடுக்கிக்கிட்டு நடக்குது, அதனால நிமிஷத்துக்கு ஒரு படம் விழுது. இது மட்டும் தனியாச் செஞ்சா ஏழு நாள். அதுவும் பத்தாது, நமக்கு இருந்தது ஆறு நாள். அதான் பேத்தி பங்கு பிரிச்சா, முக்கால் பாகம் சர்வருக்கு, கால் பாகம் டெஸ்க்டாப்புக்கு. ரெண்டும் சேர்ந்தா அஞ்சே கால் நாள். டீ மாஸ்டரும் சர்வரும் சண்டை போடாம இருந்தா ஹோட்டல் ஓடும்னு அவர் சொல்லுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்டு போச்சு. மூணு மணி நேரம். அந்த அறையில அப்படி ஒரு அமைதி, எனக்கு அவர் போன அன்னைக்கு இருந்த மாதிரி இருந்தது. கரண்டு வந்ததும் விசிறி எல்லாம் ஒண்ணாக் கத்திச்சு. போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்தது. பேத்தி அங்கேயிருந்து ஒரு தட்டுத் தட்டினா, விட்ட இடத்துலேயிருந்து பிடிச்சுக்கிச்சு. "எங்கே விட்டேன்"னு யாரையும் கேட்கலை.

இன்னைக்குக் காலையில திரையில நாலாயிரத்து நூத்து நாப்பது. உங்க பக்கம் ஆயிரத்து நானூத்து நாப்பது இருக்கணும். இல்லைன்னா அங்க யாரோ பெட்டியில விளையாட்டு விளையாடறாங்கன்னு அர்த்தம். மாப்பிள்ளையை விசாரிங்க.

கூரியர்ல போடறேன், நாளைக்கே கிடைக்கும்.

சம்பந்தி


ஜூலை 2

சம்பந்தியம்மா!

போய்ச் சேர்ந்தது! காலை ஒன்பது இருபதுக்கு. மத்தியானம் வரைக்கும் இழுக்கவில்லை. முழு மழையும் போனது, ஒரு துளி குறையாமல்.

உங்கள் கணக்கில் எங்கள் பக்கம் ஒரே ஒரு படம்தான் குறைந்தது. விளையாடியவன் என் பையன்தான். நாலு நிமிஷம். மாட்டிக்கொண்டான்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. வாலு தூங்குகிறாள்.


ஜூலை 6

சம்பந்தியம்மாவுக்கு,

சந்தோஷம். ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஜெராக்ஸ் கடைப் பொண்ணு எனக்கு ஒரு வாரத்துக்கு ஜெராக்ஸ் இலவசம்னு சொல்லியிருக்கா, எதை ஜெராக்ஸ் எடுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

பெட்டி சும்மா இருக்கு. மாப்பிள்ளை வந்து எடுத்துட்டுப் போறேன்கிறார். நான் தர மாட்டேன்னு சொல்லிடுங்க. ஒரு தடவை கழிச்சுக் கட்டினதைத் திரும்பவும் கழிச்சுக் கட்டினா அதுக்கு என்ன மரியாதை? பேத்திக்கு எப்ப மழை வேணுமோ அப்ப இங்க அனுப்பட்டும். வெயில் வேணும்னாலும் அரைச்சுத் தரேன்.

படம் எப்படி இருக்குன்னு நான் இன்னும் பார்க்கலை. நம்பரைத்தான் பார்த்தேன்.

சம்பந்தி


ஜூலை 21

அக்கா,

இன்று முதல் இப்படித்தான் கூப்பிடப்போகிறேன். நீங்கள் என்னைவிட ஏழு மாதம் பெரியவராம், உங்கள் மகளிடம் விசாரித்துவிட்டேன்.

வாலுவுக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதம் வந்ததும் என்னைத் தூக்கிச் சுற்றினாள், என் எடைக்கு அது பெரிய காரியம். தேர்வு செய்தவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார், "இந்த மழையை நீ குறைக்காமல் விட்டாயே, அதற்காகவே" என்று.

படத்தை இன்று ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் பேர் ஓடுமே, அதை எழுந்து நின்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அவள் போட்டிருக்கிறபடியே எழுதுகிறேன்.

டெஸ்க்டாப்: பாட்டி
சர்வர்: தாத்தா
மேற்பார்வை: அம்மாச்சி

சூப்பர்வைசர் என்று உங்கள் அண்ணன் சொன்னது பொய் இல்லை அக்கா. ஆள்தான் மாறிப் போச்சு.

ஹாலில் நட்டநடுச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன். மூணு தடவை பிசகி நாலாவது சரியாக விழுந்தது, கணக்கு மாதிரிதான். ஆணி வெறுமனே இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டோவோடு வாருங்கள். அன்றைக்குச் சாப்பிடாமல் போனீர்களே, அந்தத் தட்டை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். நீங்கள் உட்காருங்கள், நான் பரிமாறுகிறேன். அன்றைக்கு இந்த வீட்டுக்கு நான்தான் சர்வர்.

தங்கை


ஜூலை 24

தங்கச்சிக்கு,

வரேன். செய்தித்தாள்ல சுத்தியாச்சு.

பரிமாறறேன்னு சொல்லிட்டா மட்டும் போதாது. ஆர்டர் கேட்கறப்ப இடது கை முதுகுக்குப் பின்னால இருக்கணும். முதல்ல தண்ணி வைக்கணும். என்ன வேணும்னு கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் உள்ளே போகணும். ஓடக் கூடாது, நடக்கணும். பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருந்தா இருக்கட்டும், ஆர்டரை மட்டும் சத்தமாச் சொல்லணும்.

நான் பார்த்துக்கிட்டு இருப்பேன். போட்டோவுல இருந்து அவரும் பார்ப்பார்.

அக்கா